வடிவுக்கு மட்டும் வயதாகிறது

உலகம்மாளுக்கு மாதாமாதம் பொங்கல் வந்துகொண்டிருந்தது. கேட்பதற்குக் கொடுத்துவைத்த வாழ்க்கை போலத்தான் இருக்கும். மாதம் ஒரு தரம் கரும்புக்கும் மஞ்சள் குலைக்கும் ஏற்பாடு செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும்.

அவள் இருந்தது 'மந்தாகினி' என்ற கப்பலில். உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும் பெரிய உல்லாசக் கப்பல். நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, வேளைக்கு இருபது வகைச் சாப்பாடு என்று எல்லா உல்லாசக் கப்பலிலும் இருப்பதெல்லாம் இதிலும் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், இதில் நேரம் மெதுவாக ஓடியது. பயணிகளுக்கு ஒரு மாதம் கழிந்தால் கரையில் ஒரு வருஷம் கழிந்திருக்கும். வந்திருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். எல்லோரும் ஒற்றை ஆளாக ஏறியவர்கள். எல்லோரும் எதற்காகவோ காத்திருந்தார்கள்.

உலகம்மாள் பாளையங்கோட்டையில் வானிலை நிலையம் ஒன்றில் மழையளந்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் பிறந்தபோது மாமியார் உயிரோடு இருந்ததால் மாமியாரின் பெயரையே வைக்க வேண்டியதாயிற்று, வடிவு. மகனுக்குத் தானே ஆசையாக யோசித்து, தன் வேலையிலிருந்தே ஒரு பெயரை எடுத்துக் கார்முகில் என்று வைத்தாள். "பேரு வைக்கும்போதே ஓரவஞ்சனை ஆரம்பிச்சாச்சு" என்று வடிவு சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரித்துக்கொண்டு சொன்னதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முகில் சனிக்கோளின் துணைக்கோள் ஒன்றுக்குப் போகும் குழுவில் தேர்வானான். போய்த் திரும்ப இருபத்து நான்கு வருஷம். அவனுடைய கலத்திலும் நேரத்தை மெதுவாக்கும் இதே மந்த இயந்திரம்தான் ஓடியது. அதனால் திரும்பி வரும்போது அவனுக்கு இரண்டே வயதுதான் கூடியிருக்கும். அவனுக்குச் சரி, வீட்டில் இருப்பவர்களுக்கு? அந்தக் கேள்வி நாலா பக்கமும் எழுந்தபோது, அனுப்பி வைத்தவர்களுக்கு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, குடும்பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் இந்தக் கப்பலில் இடம் கொடுத்தார்கள். மீதி இடங்களை மற்றவர்களுக்கு விற்றார்கள். முகிலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே இடம் அம்மாவுக்கு.

உலகம்மாளுக்கு அப்போது அறுபது முடிந்திருந்தது. சர்க்கரை வேறு. அவள் பிறந்த வீட்டுப் பெண்கள் யாரும் எழுபதைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. எண்பத்து நான்கு வரை கிடந்து மகன் முகத்தைப் பார்ப்பது நடக்கிற காரியமா? ஏறிவிட்டாள்.

பெட்டி அடுக்கிக் கொடுத்தது வடிவுதான். ஊறுகாய் பாட்டிலைப் பழைய துண்டில் சுற்றி வைத்தாள், மாத்திரைகளைத் தனியாகக் கட்டினாள், துறைமுகம் வரை வந்தாள். "நீ போய்ட்டு வா எம்மா. நான் எங்க போகப் போறேன், இங்கதான இருக்கேன்" என்றாள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பற்றி எல்லாத் தாய்மாரும் நினைப்பதும் அதுதானே. உலகம்மாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஏறினாள்.

முதல் இரண்டு நாள் அவளுக்குத் தலை சுற்றியது. கடல் ஒத்துக்கொள்ளாமல் இல்லை. வானம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சூரியன் எழும்பியது, விழுந்தது. காப்பி குடிக்க உட்கார்ந்தால் விடியும், தம்ளரைக் கீழே வைப்பதற்குள் உச்சிக்கு வந்துவிடும். மேகங்கள் பால் பொங்குவது போலப் பொங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிப்போயின. மழை பெய்வது தெரிந்து எழுந்து போனால் தரை காய்ந்திருக்கும். முப்பத்தைந்து வருஷம் மேகத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவளுக்கு இது பெரிய அவமரியாதையாகப் பட்டது. எல்லோரையும் போல அவளும் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, கப்பலின் கடிகாரம் சொல்வதை இரவு பகல் என்று எடுத்துக்கொள்ளப் பழகினாள்.

தனியாக வந்தவர்களைச் சாப்பாட்டு மேசையில் ஜோடி ஜோடியாக உட்கார வைப்பது அந்தக் கப்பலின் வழக்கம். அவளுக்கு வாய்த்தவர் ஞானமுத்து என்ற ஓய்வு பெற்ற வக்கீல், நாசரேத்துக்காரர், சொந்தக் காசில் ஏறியவர். பெரியப்பா மகனோடு வீட்டு வேலிச்சுவர் சம்பந்தமாக ஒரு வழக்கு. தீர்ப்பு வருவதற்குள் தான் போய்விடக் கூடாது என்பதற்காகவே கப்பல் ஏறியிருந்தார். அவர் அதைச் சொன்னபோது உலகம்மாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

இயந்திரத்தைப் பற்றி அவளுக்கு விளக்கியதும் அவர்தான். எதற்காக இதைக் கடலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், ஊரில் ஒரு கட்டடத்தில் வைத்தால் ஆகாதா என்று அவள் கேட்டாள்.

"அந்த மிசின் கொதிக்கிற கொதிப்புக்குத் தாமிரபரணியவே திருப்பி விட்டாலும் ஆறாதும்மா. கடல் தண்ணிதான் தாங்கும்" என்றார். "இன்னொண்ணும் இருக்கு. கரையில வச்சா ஓட்டு, வரி, வாரிசு எல்லாத்துக்கும் கேள்வி வரும். ஒருத்தன் அறுவத்தொரு வயசா எழுவத்திரண்டு வயசான்னு எந்தக் கோர்ட்டுல போய்த் தீக்கது? நடுக்கடல்ல யாரு கேக்கா."

பரிமாறும் ரொசாரியோ, சட்னியை வைத்துவிட்டுத் தன் கதையையும் வைத்துவிட்டுப் போவான். மணப்பாட்டுக்காரன். நான்கு மாத ஒப்பந்தத்தில் வந்திருந்தான். கரைக் கணக்குப்படி நான்கு வருஷச் சம்பளம் வீட்டுக்குப் போகும். விட்டுவிட்டு வரும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாளாம். இதற்கு வளைகுடாவே தேவலை, அங்கேயாவது ரெண்டு பேருக்கும் ஒரே நாள் ஓடும் என்று அவன் மனைவி சொன்னாளாம். அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வான், உலகம்மாளும் சிரித்துக்கொண்டு கேட்பாள்.

வருஷம் ஒரு நாள், அதாவது கப்பலுக்கு மாதம் ஒரு நாள், இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்பார்கள். எந்த நாளில் நிற்கலாம் என்று குடும்பங்களைக் கேட்டபோது நம் ஊர்க்காரர்கள் சொல்லிவைத்தாற்போல் பொங்கலை அடுத்த நாளைச் சொல்லியிருந்தார்கள். பயணிகள் ஊருக்குள் போக முடியாது, போனால் மறுபடி ஏற்ற மாட்டார்கள். துறைமுகத்தில் ஒரு கூடம் உண்டு, சாயங்காலம் சங்கு ஊதும் வரை அங்கே உட்கார்ந்து உறவுக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குப் படி போக வேண்டும். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, ஒரு சேலை. தாய் தகப்பன் இல்லையென்றால் கூடப் பிறந்தவன் கொடுக்க வேண்டும். கூடப் பிறந்தவன் சனிக்கோளுக்குப் போகிற வழியில் இருக்கிறான். எனவே உலகம்மாள், ரொசாரியோவைப் பிடித்து விடிந்ததும் கரும்பு வாங்கி வரச் செய்து, மீதியைக் கப்பல் கடையில் சேர்த்து, மாதாமாதம் தவறாமல் படி கொடுத்தாள். நடுக்கடலில் இருந்தாலும் பிறந்த வீடு பிறந்த வீடுதான் என்பதில் அவளுக்கு ஒரு வீறாப்பு.

அதில் ஒரு தப்பு மட்டும் ஒவ்வொரு தடவையும் நடந்தது. பேத்தி செவ்வந்திக்குப் பாவாடை சட்டை எடுக்கும்போது, போன மாதம் பார்த்த பிள்ளையின் அளவுக்கே எடுத்துவிடுவாள். அவள் மனதில் இருக்கும் பிள்ளை அதுதானே. கூடத்தில் வந்து நிற்கும் பிள்ளை அதைவிட நாலு விரல் உயர்ந்திருக்கும். இரண்டு தடவைக்குப் பிறகு ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்தாள், அப்போதும் பத்தவில்லை. மருமகன் சங்கரலிங்கம் பெரிய சிரிப்புக்காரர். "அத்தை, அடுத்த வருசம் துணியா குடுத்துருங்க, தைக்கத நாங்க பாத்துக்கிடுதோம்" என்பார். கரும்புக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார்.

முகிலிடமிருந்தும் செய்தி வரும். அவனும் அவன் கணக்கில் மாதம் ஒரு தரம்தான் பேசுவான். அந்தச் செய்தியைக் கரையில் இருக்கும் உறவினரிடம் கொடுப்பது என்பது அவனை அனுப்பி வைத்தவர்களின் ஏற்பாடு. அதனால் அதைக் கேட்டுக்கொண்டு வந்து சொல்வது வடிவின் வேலையாயிற்று. நல்லா இருக்கானாம், மெலிஞ்சிட்டானாம், உன்னைக் கேட்டானாம் என்பாள். உலகம்மாள் திருப்பித் திருப்பிக் கேட்பாள். மகனைப் பற்றிக் கேட்டு முடித்து, உன் பாடு எப்படி என்று வடிவிடம் கேட்பதற்குள் பெரும்பாலும் சங்கு ஊதிவிடும். கேட்டாலும் "எல்லாம் நல்லாருக்கு எம்மா" என்ற ஒரே பதில்தான் வரும். வடிவு ஒவ்வொரு தடவையும் புதுச் சேலை கட்டி, தலைக்குச் சாயம் போட்டு, நிறையப் பூ வைத்துக்கொண்டு வருவாள். போன மாதத்தைவிட ஒரு வருஷம் மூத்தவள் என்று அம்மாவின் கண்ணுக்குத் தெரியக் கூடாதல்லவா?

ஒன்பதாவது பொங்கலுக்கு உலகம்மாள் கூடத்துக்கு வந்தபோது கையில் தாம்பாளம் இருந்தது. மருமகனுக்கு ஒரு வேட்டியும் எடுத்திருந்தாள். வடிவு ஓரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையும் செவ்வந்தியும் வண்டியை நிறுத்திவிட்டு வருவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு, உலகம்மாள் முறைப்படி மஞ்சள் குலையை எடுத்து முதலில் நீட்டினாள்.

வடிவு கையை நீட்டவில்லை. "இந்த வருசம் வேண்டாம் எம்மா" என்றாள்.

சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டுக்குப் படி கொடுப்பதில்லை. அது உலகம்மாளுக்குத் தெரியாததா? மகளின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். தலையில் பூ இல்லை, சாயமும் இல்லை. மஞ்சள் குலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். போன மாதம் இதே கூடத்தில் கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த மனிதர்.

"எப்பம்?"

"சித்திரையில. நெஞ்சு அடைக்குன்னு உக்காந்தாவ. அம்புட்டுத்தான்."

கப்பலுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே, அதற்குத்தான் வசதி இருக்கிறதே என்று உலகம்மாள் கேட்டாள்.

வடிவு கோபப்படவில்லை. "சொல்லி என்ன செய்ய? நீ கேட்டு ஒரு நாள் அழுது முடிக்கதுக்குள்ள இங்க பதினாறே நெருங்கியிருக்கும். கப்பலும் நிக்காது. நீ அங்க இருந்துகிட்டுத் தவிக்கவா?"

உலகம்மாளுக்குக் கேட்க ஒன்று மிச்சமிருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது. புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்து கோடிச் சேலை போட வேண்டும். நல்லதில் விட்டுப்போனாலும் அதில் விட்டுப்போகக் கூடாது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே, உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று சொல்கிற துணி அது.

"கோடி யாருட்டி போட்டா?"

வடிவு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பொறந்த வீட்டுக்காரங்க வாங்கன்னு ரெண்டு தடவ கூப்பிட்டாவ. பெறவு எங்க உப்புக் கம்பெனி ஆபீஸ்ல கூட வேல பாக்காள்லா ஃபிலோமினா, அவ எந்திரிச்சு வந்தா. நான் இவளுக்கு அக்கான்னு சொன்னா. கடையில ஓடிப்போய் ஒரு சேல வாங்கிட்டு வந்து அவதான் போட்டா."

உலகம்மாள் அழுதாள். வடிவுதான் தேற்றினாள். சங்கு ஊதியபோது உலகம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் போகவில்லை என்றாள். வடிவு அவளைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "நீ முகிலப் பாக்கணும்னுதான ஏறின. பாத்துட்டு வா. இறங்கிட்டா மறுபடி ஏத்த மாட்டாங்க. அவசரப்பட்டுட்டுப் பின்னால கெடந்து புலம்பக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கப்பல் படி வரை நடத்திக் கொண்டுபோய் விட்டாள். உலகம்மாளும் ஏறினாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சங்கு ஊதினால் ஏறிப் பழகிய கால் ஏறிவிட்டது. மேலே வந்து பார்த்தபோதுதான் தாம்பாளத்தைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது.

அந்த மாதம் அவளுக்கு நரகமாகப் போயிற்று. ஒரு ராத்திரி தூங்கிக் கண்ணைத் திறந்தால் வடிவுக்கு நாலு நாள் ஓடியிருக்கும். குளித்து, தலை துவட்டி, இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் அங்கே அவள் சமைத்து, ஆபீஸ் போய், திரும்பி, புருஷன் இல்லாத வீட்டில் விளக்கேற்றியிருப்பாள். உலகம்மாள் சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கினாள். நடைபாதையில் வேகமாக நடந்தாள். வேகமாக நடந்தால் மட்டும் கப்பலில் நேரம் ஓடிவிடுமா? திரையை விலக்கி வைத்தாள். கரையில் போகிற ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே எழும்பி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து அறைக்காரி வந்து, இப்படிப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

கப்பல் அதிகாரியிடம் போய், அடுத்து எந்தத் துறைமுகமோ அங்கே தன்னை இறக்கிவிடச் சொன்னாள். அவர் தன்மையான மனிதர். ஒருவருக்காக இயந்திரத்தை நிறுத்த முடியாது, நிறுத்தும் ஒரே இடம் தூத்துக்குடி என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மகன் வந்துவிடுவானே, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அவருடைய கணக்கில் அது கொஞ்சம்தான்.

இதற்கு நடுவில் வக்கீலுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டார். சுவர் அவருடையதுதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேசையில் இருந்த எல்லோரும் கை கொடுத்தார்கள், ரொசாரியோ கேசரி செய்து கொண்டுவந்து வைத்தான். அவர் அதைத் தொடவில்லை. என்ன என்று உலகம்மாள் விசாரித்தாள்.

"பெரியப்பா மகன் மூணு வருசத்துக்கு முன்னாலயே செத்துப்போனானாம்" என்றார். "அவன் மூஞ்சிக்கு நேரா அந்தக் காயிதத்த ஆட்டிக் காட்டணும்னுதானம்மா இம்புட்டு நாளும் இருந்தேன். இப்பம் யாருகிட்டப் போய்க் காட்ட?"

உலகம்மாள் அவருக்கு ஆறுதலாக ஏதோ சொல்லப் போனாள். ஆனால் தன் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவரிடம் சொல்வது போலத் தனக்கே சொன்னாள்.

"முகில் ரெண்டு வயசு கூடி வருவான். நானும் ரெண்டு வயசு கூடி நிப்பேன். அவன் அப்படியே இருப்பான், நானும் அப்படியே இருப்பேன். எங்க வீட்டுல வடிவுக்கு மட்டும்தான் வயசாகுது, வக்கீலய்யா. அன்னைக்கு என்னையும் அவளையும் பாக்கவன் அக்கா தங்கச்சிம்பான்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப ஏற்ற மாட்டார்களே என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றாள்.

வக்கீலின் துக்கம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாரக் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. செத்துப்போனவரின் பேரன் மேல் முறையீடு செய்திருக்கிறானாம். மனிதர் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பத்தாவது பொங்கலுக்கு உலகம்மாள் பெட்டியோடு இறங்கினாள். தாம்பாளம் எதுவும் கொண்டுவரவில்லை. இந்த முறை வடிவுக்குக் கொடுக்க வேண்டியது வேறு என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. வக்கீல் படி வரை வந்து கும்பிட்டார். ரொசாரியோ பெட்டியைத் தூக்கிவந்து கூடத்தின் வாசலில் வைத்துவிட்டு, தன்னுடைய ஒப்பந்தத்தை மறுபடியும் புதுப்பித்துவிட்டதை அவளிடம் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

வடிவு அம்மாவைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைத்தான் பார்த்தாள். அவள் முகம் மாறியது. சந்தோஷமா கோபமா என்று உலகம்மாளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்பத்தாறு வயதில் மகளின் முகம் எப்படியெல்லாம் மாறும் என்று கூட இருந்து பார்த்தவளாக இருந்தால் தெரிந்திருக்கும்.

வடிவு வாதாடினாள். இன்னும் பதினான்கு வருஷம் இருக்கிறது, உனக்குச் சர்க்கரை இருக்கிறது, உன்னைப் பெற்ற ஆச்சி எத்தனை வயதில் போனாள் என்று நினைத்துப் பார் என்றாள். போன வருஷம் அழுத அழுகையை மனதில் வைத்துக்கொண்டு அவசரத்தில் செய்கிறாய் என்றாள். சங்கு ஊத இன்னும் நேரம் இருக்கிறது, பெட்டியை எடுத்து உள்ளே வைக்கச் சொல் என்றாள். உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவன் வரும்போது நான் இருந்தா பாப்பேன். இல்லன்னா நீ இருப்பேலா, நீ பாரு" என்றாள். "மகளுக்கு முன்னால வயசாகுதது தாயோட வேலைட்டி. அதையும் நீயே பாத்தா நான் என்னத்துக்கு இருக்கேன்?"

வடிவு பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சங்கு ஊதியது. உலகம்மாளின் கால் கொஞ்சம் துடித்தது, பிறகு அடங்கிவிட்டது.

வடிவுதான் வண்டியை ஓட்டினாள். செவ்வந்தி கல்லூரியில் சேரப் போகிறாள், விடுதியிலா வீட்டிலிருந்தா என்று இழுபறியாக இருக்கிறது என்று பேசிக்கொண்டு வந்தாள். இனி வீட்டிலிருந்தே போகலாம், நான் இருக்கிறேன் என்றாள் உலகம்மாள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாகக் கிடந்தது. துறைமுகம் கண்ணிலிருந்து மறைந்ததும் உலகம்மாளுக்கு நெஞ்சுக்குள் மகன் வந்து நின்றான். அது வரைக்கும் அடக்கி வைத்திருந்தாள், அதற்கு மேல் முடியவில்லை.

"முகிலுக்கு என்னன்னு சொல்லுதது? நான் வந்து நிப்பேன்னு நம்பிக்கிட்டு இருப்பான். இடிஞ்சு போயிருவான் பிள்ள."

வடிவு வண்டியை ஓரம் கட்டினாள். நிறுத்திய பிறகும் இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன.

"இடிஞ்சு போக மாட்டான். சந்தோசப்படுவான்" என்றாள். "மொத வருசத்துலேருந்து அவன் சொல்லுதது அதத்தான். அம்மாவக் கீழ எறக்கிக் கூட்டிட்டுப் போயிரு, இதுக்குள்ள இருந்தா என்னென்ன போகும்னு எனக்குத் தெரியும், எனக்காக அவ அங்க உக்காந்திருக்கப்பிடாதுன்னு. ஒவ்வொரு தடவையும் சொன்னான்."

"பத்து வருசமாவா?"

"பத்து வருசமா."

உலகம்மாள் மகளையே பார்த்தாள். கோடி போட ஆளில்லாமல் கூட்டத்துக்கு நடுவே நின்ற அன்றைக்குக்கூட, கப்பலுக்கு அந்த ஒரு வரியை அனுப்பாமல் இருந்திருக்கிறாள். போன வருஷம் கையைப் பிடித்துப் படி ஏற்றிவிட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே எறங்கியிருப்ப. அவன் சொன்னான்னு எறங்கியிருப்ப." வடிவு கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்காக எறங்குவியான்னு பாத்தேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாட்டி."

"கேட்டு வாங்குததா எம்மா அது?"

சொல்லிவிட்டு வடிவு அழுதாள். சங்கரலிங்கம் போனதற்கும், ஃபிலோமினா வாங்கிவந்த சேலைக்கும், அதற்கு முன்னால் இருந்த எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து, சின்னப் பிள்ளை போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். உலகம்மாள் அவள் தலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். வகிடு முழுக்க நரைத்திருந்தது. பின்னால் வந்த உப்பு லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, விலகிக் கடந்து போனான். மகள் அழுது முடிக்கட்டும் என்று உலகம்மாள் காத்திருந்தாள்.